துரோகியின் பிற்பகல்

என்னைத் துரத்தி முடிக்கிற வரைக்குமாவது மழை வராமல் இருக்கட்டும் என்று எர்சிலியா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அறுநூறு வருஷத்துக்கு முன் அவள் பரம்பரையில் ஒருவன், தன் கழுதையை உள்ளே விட்டுவிட்டுக் கோட்டைக் கதவைச் சாத்த மறந்துபோனான். எதிரிப்படை புகுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் மோந்தெர்வோ ஊர் அந்தக் குடும்பத்தில் ஒருவரைக் காய்ந்த மொச்சையால் அடித்து வெளியே தள்ளும். கதவைச் சாத்தியதிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை அந்த ஆளோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் ஊருக்கே மது வாங்கித் தர வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அந்த ஆள் எர்சிலியாதான்.

பதினோரு மணிக்கு மேளம் தொடங்கியது.

"துரோகி! வெளிய போடி!" என்று கத்தியபடி மருந்துக்கடை இலாரியா மொச்சையை வீசினாள். பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "வரும்போது நாலு அத்திப்பழம் பறிச்சுட்டு வாக்கா" என்றாள்.

"போன வருஷம் வாங்கின கூடையவே நீ இன்னும் திருப்பித் தரலடி."

கதவைச் சாத்தினார்கள். எர்சிலியா மதிலுக்கு வெளியே அத்திமரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். முதல் வருஷம் இதே இடத்தில் அழுதாள். பிறகுதான் தெரிந்தது, வருஷத்தில் இந்த ஆறு மணி நேரம்தான் யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை என்று. போன வருஷம் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று. பாதியில் மணி அடித்துவிட்டது. இன்று அதை முடிக்க வேண்டும்.

மதில்மேல் அவள் கணவன் குவால்தியேரோ தோன்றி, கண்ணைத் தொட்டுத் தொட்டு ஜாடை காட்டினான். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறான். அது அவன் நெற்றியிலேயே இருந்தது. அவள் மலையைப் பார்த்தாள்.

திடீரென்று கதவு திறந்தது. மணி அடிக்காமல் அது திறந்ததே இல்லை. மேயர் ஒரெஸ்தே தோளில் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையோடு வந்தான். பின்னால் பேண்டு வாத்தியமும் ஊர் சனமும்.

"அக்கா! சபையில ஏகமனதா முடிவு பண்ணிட்டோம். உங்க குடும்பத்தை மன்னிச்சாச்சு!"

"பேசிட்டியே தம்பி. ஊருக்கே மது வாங்கணுமே."

"அந்தச் சட்டமும் இந்த நிமிஷத்தோட போச்சுக்கா. இனிமே யாரு வேணா பேசலாம்."

"எர்சிலியா!" மதிலிலிருந்து உடனே குரல் வந்தது. "என் கண்ணாடி எங்க?"

"அத்தி பறிச்சியாக்கா?" என்றாள் இலாரியா, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. அவள் கையில் இன்னும் மொச்சை இருந்தது.

எர்சிலியா அவர்களைப் பார்த்தாள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"உள்ள வந்து மன்னிப்புப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா, போதும். ஊரே அழுதுட்டு நிக்குது பாருங்க."

"எங்க ஆளு செஞ்சது பெரிய தப்பு தம்பி. இவ்வளவு சீக்கிரமாவா மன்னிக்கிறது?"

"அறுநூறு வருஷம் ஆச்சேக்கா!"

அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, முட்டையும் வெங்காயமும் வைத்த ரொட்டியை எடுத்தாள்.

"உள்ள போப்பா" என்றாள் மெதுவாக. "மறக்காம கதவைச் சாத்திட்டுப் போ."