அலபாமாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ராசமலர். அவள் சொல்லச் சொல்ல, குசினிக்குள் சமைத்தபடி அவள் கணவன் சிவபாலன் நாலு தடவை "அப்பிடி இல்லை!" என்று கத்தினான். அந்த "அப்பிடி இல்லை"யில்தான் கதை பிறந்தது. எனக்கு ஆட்களின் குரல்தான் கேட்கும். என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன். இருந்தாலும் மற்ற எழுத்தாளர்கள்போல வர்ணித்துத் தொடங்கிப் பார்த்தேன்:

1988 ஐப்பசி. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகரக் கூரைகள்மேல் மூடுபனி, ஏதோ ஒரு

வேண்டாம். குளிர். அவ்வளவுதான்.

2

டேனிஷ் வகுப்பில் ஆளுக்கொரு சீட்டு. சிவபாலனுக்கு வந்தது அலபாமா. சீட்டில் உள்ள ஊரில் வசிப்பவர்போல அதன் சனத்தொகை, தொழில் பற்றிப் பேசி, ஒலிநாடாவில் பதிந்து கொண்டுவர வேண்டும்.

"ரீச்சர், அலபாமா எங்க?"

"அமெரிக்காவின் தெற்கே. நூலகத்தில் பாருங்கள்."

(ரீச்சர் பேசியது டேனிஷ். என் காதில் தமிழாகவே விழுகிறது. நான் என்ன செய்ய?)

முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால் டேனிஷ் தானாக வரும் என்று சிவபாலன் நம்பினான். பாட நாடாவின் தொடக்கத்தில் பதிந்தான்:

"வணக்கம். நான் அலபாமாவில வசிக்கிறன். எங்கட சனத்தொகை நாப்பது லட்சம். பருத்தி, நிலக்கடலை, இரும்பு, கோழி வளர்ப்பு. ஆம்பிளையளைவிடப் பொம்பிளையள் கூட."

மேசையில் இன்னொரு நாடாவும் கிடந்தது. அது யாழ்ப்பாணத்தில் இருந்த ராசமலருக்கு. அவளைக் கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடம், பதில் இல்லை. இப்போது புதுப் படிவம் ஒன்று கேட்டிருந்தார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. படிவத்தையும் நாடாவையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினான்.

மறுநாள் வகுப்பில் பொத்தானை அமுக்கினான்.

"என்ர செல்லம், சாப்பிட்டியே?"

பின்வரிசையில் இருந்த இன்னொரு தமிழன் தேவராசா விழுந்து விழுந்து சிரித்தான். ரீச்சர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "இது அலபாமாவின் எந்தத் தொழில்?"

3

ஆறு வாரம் கழித்து ராசமலரின் நாடா வந்தது.

"இஞ்சேருங்கோ, பேப்பர் கிடக்கு, பேப்பர் கிடக்கு எண்டு ஒன்றரை வருசமாச் சொன்னியள். இப்பதானே விளங்குது. பேப்பர் டென்மார்க்கில கிடக்கு, ஆள் அலபாமாவில கிடக்கிறார்! கோழி வளக்கிறியளோ? வளத்துக்கொண்டு இருங்கோ. பொம்பிளையளை மட்டும் வடிவா எண்ணி வைச்சிருக்கிறியள். நான் கையெழுத்து வைக்கேல்லை."*

* பேப்பர் உண்மையிலேயே கிடந்தது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைக் கொப்பன்ஹேகனில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு அது வெளியே வந்து, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. ஆனால் அன்றைக்குச் சிவபாலனிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. அதுவோ அச்சொட்டாகப் பொய்ச் சாக்குப்போலவே கேட்டது.

4

அவன் அடுத்த நாடா போனது: "மலர், அது வகுப்புப் பாடம். நான் கிரின்ஸ்டெட்டிலதான் இருக்கிறன்."

அவள் நாடா வந்தது: "கிரின்ஸ்டெட் அலபாமாவில எந்தப் பக்கம்?"

சாட்சிக்கு ரீச்சரைப் பிடித்தான். நாலு தமிழ்ச் சொல் பழக்கி நாடாவில் பேச வைத்தான்: "சிவபாலன் இங்கே. நல்ல பிள்ளை. அலபாமா இல்லை."

பதில் சுருக்கமாக வந்தது. "ஆர் அவள்?"

(இந்த இடத்தில் எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வெகுளியாக ஒருத்தன் இருப்பானா? பாத்திரத்தை மாற்றலாமா என்று யோசித்தேன். குசினிக்குள் அவன் பாலைப் பொங்க விட்ட சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.)

ஆனால் அந்த நாடாவோடு படிவமும் வந்திருந்தது. கையெழுத்தோடு.

"ரீச்சர் சொன்னதை நம்பித்தான் வைச்சவள், அன்ரி," என்று என்னிடம் சொன்னான் சிவபாலன், கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து.

"அப்பிடி இல்லை!" இந்தமுறை கத்தியது ராசமலர். "நேர வந்து கையும் மெய்யுமாப் பிடிக்கத்தான் வைச்சனான்."

5

1989 மார்கழியில் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அவள் முதலில் கேட்ட கேள்வியில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பதிலுக்கு நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) "ஓம், கோழியள் வெளியில நிக்குது," என்று அவன்

(ஆ) அவன் வாய் திறக்கவில்லை, அவளே

வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் "அப்பிடி இல்லை" என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. ராசமலர் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். குசினியில் தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடியது. குரலை வைத்துப் பிழைக்கிற எனக்கு இந்த ஒரு வரிதான் கேட்கவில்லை. இடம் விட்டிருக்கிறேன்.

"இதுதானோ உங்கட அலபாமா?"

"........................"

நீங்களே நிரப்புங்கள். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். குசினிப் பக்கம் இருந்து மறுப்பு வராவிட்டால், அதுதான் முடிவு.