உப்புத் தண்ணி

செண்பகத்தின் நாற்றங்காலைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

செண்பகம் என் ஓரகத்தி, கொழுந்தன் வீரராகவனின் பெண்டாட்டி. பாகம் பிரித்தபோது வரப்புக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு, இந்தப் பக்கம் எங்களுக்கு. ஒரே மண், ஒரே ஏரிப் பாசனம். அறுபத்தெட்டாம் வருஷம் ஐ.ஆர். எட்டு என்ற புது நெல் வந்தது. ஆளுக்கு ஒரு மூட்டைதான் விதை கிடைத்தது. அவர்கள் முந்திக்கொண்டு விதைத்தார்கள். ஓர் இடம்கூடச் சொட்டை இல்லாமல் நாற்று முளைத்து நின்றது. கவரைப்பேட்டை ரயிலுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ரயில் போனாலும் பரவாயில்லையாம், செண்பகத்தின் நாற்றைப் பார்க்கணுமாம்!

அவளிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் மூட்டை பிரிக்காமல் கிடந்தது. அது பாழானால் அந்தப் போகமே இல்லை. குளத்தங்கரையில் வாயைத் திறந்துவிட்டேன்.

"வெதைய இன்னாடி பண்ண?"

"உப்புத் தண்ணியில போட்டு எடுத்தேங்க்கா. வெவசாய ஆபீஸ்லேந்து வர்ற கிராம சேவக்கு சொல்லிக் குடுத்தாரு. பதரெல்லாம் மெதந்துடும், பயிரு தெம்பா வரும்னாரு. அதுக்கு இன்னா பண்ணணும்னா..."

"தெரியும், தெரியும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று வந்தவள் எனக்குப் பாடம் நடத்துவதா?

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு தினுசு. குளத்தில் மொண்டு குடிப்பது நல்ல தண்ணி. தெருக் கிணற்றில் கரிப்பது உப்புத் தண்ணி. அவள் கிணற்றுத் தண்ணீரில் போட்டாள் என்றால் நான் அதற்கும் ஒரு படி மேலே போகிறேன் என்று நினைத்தேன். கருவாடு வாங்கப் பழவேற்காட்டுக்கு வண்டி கட்டிய என் புருஷன் ராஜமாணிக்கத்திடம், அங்கே உப்பங்கழித் தண்ணீர் நாலு குடம் மொண்டுவரச் சொன்னேன்.

"இன்னாத்துக்குமே?"

"கொண்டாய்யா, சொல்றேன்."

விதை முழுவதையும் அதில் இரண்டு நாள் ஊறவைத்தேன். சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, கல்லேற்றினேன். பிரித்தால் வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை. இன்னும் பொறுத்துப் பார்த்தேன். புளித்த நாற்றம்தான் வந்தது.

சேதி கேட்டுச் செண்பகம் ஓடிவந்தாள்.

"அய்யோ அக்கா! நல்ல தண்ணியில உப்பப் போட்டுக் கரைக்கணும், கோழிமுட்ட மெதக்கற அளவுக்கு. பதர எடுத்துட்டு ஒடனே நல்ல தண்ணியில ரெண்டு மூணு வாட்டி அலசணும். சொல்லத்தான் வந்தேன், நீ காதுல வாங்காம பூட்ட."

அவள் சிரித்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். சிரிக்கவில்லை. "எங்க நாத்து மிச்சம் கீது, புடுங்கிக்கோ" என்றாள். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் என் புருஷன் தலையாட்டிவிட்டார்.

நட்டோம். அப்புறம் நான் அந்த வயலைவிட்டு நகரவில்லை. ஒரு களை விடவில்லை. எருக்கூடை சுமந்து சுமந்து உச்சந்தலை காய்த்துப்போனது. கதிர் முற்றியதும் வரப்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கதிர்தான் கனம். வயிறு குளிர்ந்தது. புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஆமாமே, நம்ளுதுதான் கனம்" என்றார். "செண்பகம் கைராசிய பாத்தியா? அவ நாத்து எங்க நட்டாலும் இன்னாமா வெளையுது!"