பைதல் என்றால் பெடல்

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று உதயசூரியனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்துபஸ்தியில் எனக்குப் பக்கத்து வீடு, டாக்சி ஓட்டுகிறான், ஹிந்தி புழங்கும் இந்தத் தீவிலேயே பிறந்தவன். அவன் மனைவி ஜெயமணி அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்து எட்டு மாதம். எந்த ஹிந்தி வார்த்தைக்கும் அவனிடம்தான் அர்த்தம் கேட்பாள். அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

2

“கடற்கரைச் சாலை அன்று வாகனங்களற்று, ஒரு நீண்ட...” (நீண்ட என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

ஒலிபெருக்கியிலிருந்தே தொடங்குகிறேன். ஞாயிறு காலை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்குத் தடை, “சிர்ஃப் சைக்கிள் அவுர் பைதல்” என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போனார்கள். சைக்கிளும் நடையும் மட்டும் என்று அர்த்தம். ஜெயமணி காதில் பைதல், பெடல் என்று விழுந்தது.

“பெடல் மிதிக்கிறவங்கள மட்டுந்தான் விடுவாங்களாம். எனக்கு சைக்கிள் சொல்லித் தாங்க, போவோம்.”

உதயசூரியன் திருத்த வாயெடுத்தான். எடுத்தவன், சரி என்றுவிட்டான்.

3

அந்த வாரம் சாயங்காலச் சவாரிகளை விட்டுவிட்டு, இரவல் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். கல்யாணமானதிலிருந்து பகல் வெளிச்சத்தில் அவளோடு அவ்வளவு நேரம் இருந்ததே இல்லையாம்.

புதன்கிழமை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? (இங்கே அவனைத் திட்டி ஒரு பத்தி இருந்தது. வாசலில் உட்கார்ந்து அவன் ஊதி ஊதி மருந்து போட்டது ஞாபகம் வந்து அடித்துவிட்டேன்.)

ஞாயிறன்று அவள் தனியாகவே ஓட்டினாள். சாலை முழுக்க நடக்கிறவர்கள்.

“பாவம், சைக்கிள் தெரியாதவங்களையும் விட்டுட்டாங்க பாருங்க. நல்ல போலீசு” என்றாளாம்.

4

முடிவு ஒன்று: அவன் உண்மையைச் சொல்கிறான், அவள் சிரிக்கிறாள். (எனக்குப் பிடித்தது. அதனாலேயே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: அவள் முட்டித் தழும்பைக் காட்டுகிறாள். இதற்குத்தான் பயப்படுகிறான்.

“அவளுக்கு மாலூம் ஆச்சுன்னா, நெசம் தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் எதுக்கும் என்கிட்ட அர்த்தம் கேக்க மாட்டாண்ணே.”

5

ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கதை வரும் பத்திரிகையை மாதாமாதம் என்னிடம் வாங்கிப்போய் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவள் ஜெயமணி.

படித்துவிட்டாயா, அம்மா? உன்னை ஏமாற்றியது தப்புதான். அந்த ஒரு வாரம் அவன் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த வாரத்திலும் பார்த்ததில்லை. இரண்டும் நிஜம்.

அவன் சாப்பிட வருகிற நேரம். நீ சொல்லப்போவதுதான் கதையின் கடைசி வரி. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.