அமலிக்குப் பக்கத்தில் வந்த படம்

அமலி இறந்து எட்டு மாதமாகிறது. அந்தோணிராஜ் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. பத்தொன்பது நாள் இருந்துவிட்டுப் போன பிள்ளை. கல்லறைத் திருநாளன்று விஜயராணி மட்டும்தான் மெழுகுவத்தியோடு போய்வந்தாள். கம்பெனியில் ஓவர்டைம் என்றான் அவன். பொய். அன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே கரண்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது என்று புருசனின் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியதுண்டு.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் அவளுக்கு வேலை, பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பது. சாப்பாட்டு நேரத்தில் நெட் பார்த்துக்கொள்ள முதலாளி ஆத்தப்பன் விட்டிருந்தார். அப்படித்தான் அந்த மன்றம் கண்ணில் பட்டது. பச்சைப்பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தமிழிலேயே எழுதி ஆறுதல் தேடிக்கொள்ளும் இணையதளம். அமலியைப் பற்றி அவளும் எழுதினாள். முகம் தெரியாத இருபத்து மூன்று பேர் கீழே பதில் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட 'விடும்மா, அடுத்தது பிறக்கும்' என்று சொல்லவில்லை. அதற்காகவே அவர்கள் காலில் விழலாம்.

ஆனால் கூடவே ஒரு கண்றாவியும் இருந்தது. விளம்பரம். பெற்றவள் அழுது எழுதிய எழுத்துக்குப் பக்கத்திலேயே, அரைகுறையாக உடுத்திய ஒருத்தி 'உங்கள் ஊரில்தான் இருக்கிறேன், வா' என்று இடுப்பை ஆட்டிக்கொண்டிருப்பாள். விளம்பரக்காரனுக்கு ஏது விவஸ்தை? சாயத்துணித் துண்டுகள் ஒட்டிய ஷேடு கார்டை மானிட்டரின் வலதுபக்கம் சாய்த்து வைத்துக்கொண்டுதான் விஜயராணி படிப்பாள். மன்றத்தை நடத்துகிறவருக்கும் எழுதிப் பார்த்தாள். 'விளம்பரம் இல்லாவிட்டால் தளத்தை மூட வேண்டியதுதான் சகோதரி. எந்தப் படம் வருமென்பது எங்கள் கையில் இல்லை' என்று பதில் வந்தது.

பதில் எழுதியவர்களில் ஒருவர் தகப்பன். காசிமாயன் என்று பெயர் மட்டும் போட்டிருந்தார், ஊர்கூட இல்லை; மன்றத்தில் அவர் எழுதியதும் அந்த ஒரு தடவைதான். செத்துப்போன மகனின் பெயரைச் சொல்லப் பயந்து ஒரு வருடம் ஊமையாகக் கிடந்ததை எழுதியிருந்தார். இதைப் படித்தால் அந்தோணிராஜ் வாய் திறப்பான் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது. பிரிண்ட் போட்டாள். எழுத்துக்குப் பக்கத்தில் அந்த விளம்பரப் பெண்ணும் சேர்ந்து வந்துவிட்டாள். நூல் வெட்டும் கத்தரியால் படத்தை மட்டும் அளவாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

புருசன் செக்கிங்கில் இருக்கிறவன் என்பதை எப்படித்தான் மறந்தாளோ! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துணியில் ஓட்டை தேடுவதுதான் அவன் பிழைப்பு. எழுத்தை விட்டுவிட்டு, காகிதத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"என்னத்தப் பிள்ள வெட்டியிருக்க?"

"ஒண்ணுமில்ல, விளம்பரம்."

"வெளம்பரத்த எதுக்கு மெனக்கெட்டு வெட்டணும்? எனக்குத் தெரியக்கூடாதது என்னமோ இருந்திருக்கு. அத முழுசா நான் பாக்கணும்."

சந்தேகத்தில்தான் கேட்டான். இருந்தாலும் பார்க்கிறேன் என்றானே, அதுவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். பலகைத் தடுப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவள் பக்கத்தைத் திறந்து, வலதுபக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். அந்தோணிராஜ் நிதானமாகப் படித்தான். மகளின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தான். விரல் நகரவில்லை. உதடு அசைந்தது. சொல்லப்போகிறான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் திரை முழுவதும் ஒரு நிர்வாணப் படம் விரிந்தது. ஸ்பீக்கரில் முனகல் சத்தம் வேறு. அவள் பதறிப் பதறி மூட, ஒன்று போய் இரண்டு வந்தது. தடுப்புகளுக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. கடைக்காரர் கிட்டுசாமி ஓடிவந்து மானிட்டரை அணைத்தார்.

"ஏனுங்க, படிக்கிற புள்ளைங்க வந்து போற எடமுங்க இது. ஊட்டுக்காரம்மாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு இதையெல்லாம்... வேண்டாமுங்க, எந்திரிங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அது தானாக வந்த படம் என்று விஜயராணி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பாதி தூரம் போனதும் அந்தோணிராஜ் ரோட்டோரம் நின்றான்.

"அமலிய அங்கேருந்து எடுத்துரு. எம்பிள்ள அந்தச் சாக்கடைக்குள்ள கெடக்க வேண்டாம்."

எட்டு மாதமாக எந்தப் பெயருக்காகக் காத்திருந்தாளோ, அது அவன் வாயில் வந்துவிட்டது. இப்படியா வர வேண்டும்! சரி என்று மட்டும் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்து, தன் பதிவை நீக்கினாள். கீழே இருந்த இருபத்து மூன்று பேரின் எழுத்தும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அப்படிப் போகுமென்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, வெட்டுப்பட்ட அந்தக் காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அந்தோணிராஜ் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. படித்திருக்கிறான்.

"இந்தக் காசிமாயன்ட்ட ஒண்ணு கேக்கணும் ராணி. பேரச் சொல்லும்போது தொண்டய அடைக்குமே, அத எப்படித் தாண்டுனாருன்னு கேட்டு எழுதுதியா?"

"அவர் எழுதுனதும் போயிருச்சு," என்றாள். "நீங்க எடுக்கச் சொன்னதோட எல்லாமே போயிருச்சு. இனி அவர எங்கன்னு தேட?"

அந்தோணிராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அமலியின் பெயரைச் சொல்லவே இல்லை.