பாட்டு நின்ன இடம்

"திருத்தணியின் முதல் ராப் பாடகர்"னு கேசட் கடை ஸ்கந்தகுமாரைப் பத்தி, காலேஜ் வரலாற்றுப் போட்டிக்கு நான் டாக்குமெண்டரி எடுத்தேன். அவன் பாடின ராப் பாட்டு, உண்மையில பொதட்டூர்பேட்டையில கைத்தறி நெய்துகினே எங்கண்ணன் பச்சையப்பன் பாடினது. அண்ணன் பதிவு பண்ணிக் குடுத்த கேசட்டை அமுக்கி, 1997-ல தன் குரல்ல அப்படியே பாடிப் பேர் வாங்கினவன் இவன். அண்ணன் அந்த ஏக்கத்துலயே செத்தான். நான் யாரோட தங்கச்சின்னு இவனுக்குத் தெரியாது.

கேமரா முன்னாடி பணிவாக் கேட்டேன். "சார், நடுவுல தாளமும் பாட்டும் பத்து செகண்ட் நின்னுடுதே, ஏன்?"

"ஆங், அதுவா? அது என் ஸ்டைலும்மா."

2006 பொங்கலுக்கு எங்க ஊர் கல்யாண மண்டபத்துல, நெசவாளிங்க முன்னாடி படத்தைப் போட்டேன். முன்வரிசையில உக்காந்த ஸ்கந்தகுமாருக்கு நானே பொன்னாடை போத்தினேன்.

திரையில அவன் "ஸ்டைல்"னு சொன்னதும், அடுத்த காட்சியில அவனோட அதே பாட்டு ஓட ஓட, எங்கம்மா அண்ணனோட தறியில நெய்யுது. தறியில குறுக்க ஓடுற நாடாவுல நூல் தீருது, பாட்டும் நிக்குது. அம்மா நூல் சுத்தின புதுத் தாரை மாத்திட்டு தறியை இழுக்குது, பாட்டும் திரும்ப ஆரம்பிக்குது.

மண்டபமே எழுந்து கத்துச்சு. "இன்னாடா, தார் மாத்துறது உன் ஸ்டைலா?"

நான் போத்தின பொன்னாடையிலயே அவன் மூஞ்சியை மூடிக்கினான்.