வெள்ளை பூசிய கத்தரி

பூர்ணிமா கத்தரி வயலுக்கு வந்தபோது, நேற்று அவள் செடிகளில் அடித்த வெள்ளைக் களிமண் முழுதும் மழையில் கரைந்து போயிருந்தது. மண் படிந்த இலையில் அந்துப்பூச்சி முட்டை வைக்காது என்று விவசாயக் கூட்டத்தில் சொன்னார்கள். மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இந்த ஆவணியில் பத்து நாளுக்குள் இது மூன்றாவது மழை. செருப்பை வரப்பில் விட்டு இறங்கி, புழு துளைத்து வாடித் தொங்கிய குருத்துகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டே போனாள். கிள்ளக் கிள்ள அடுத்த செடியிலும் ஒன்று தொங்கியது.

காற்றில் பூச்சிமருந்து நெடி வந்தது. நிமிர்ந்தாள். அவள் கணவன் புகழேந்தி, யாரிடமோ இரவல் வாங்கிய மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். போன வருஷம் இதே வயலில் பூச்சிமருந்து அடிக்கும்போதுதான் வாயில் நுரை தள்ளி விழுந்தான். நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள். இனி மருந்தே வேண்டாம் என்று முதலில் சொன்னவனும் அவன்தான். ஆனால் அதன்பிறகு அவனை டேங்கைத் தொடவிடாமல், மழைக்கு மழை அவள் தனியாகச் சுமப்பதை வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

“மேல ஏறு பூர்ணிமா. ஒரே தடவதான். இல்லன்னா மொத்தமும் போயிடும்.”

“மூஞ்சில துணிகூடக் கட்டல நீங்க.”

“காத்து அந்தப் பக்கம்தான் போவுது. ஏறுன்னா ஏறு.”

அவள் ஏறவில்லை. அவன் வரவேண்டிய வரிசையின் நடுவிலேயே போய் நின்றாள்.

“அடிங்க. நானும் இங்கயே நிக்கிறேன்.”

“பைத்தியமா உனக்கு?”

“ஆஸ்பத்திரி வராண்டால ஆறு நாள் படுத்தேன்ல. அப்பவே புடிச்சிடுச்சு.”

அவன் கைப்பிடியை அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. பிறகு டேங்கை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் போர்செட்டுக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

பூர்ணிமா வாளியில் களிமண்ணைக் கரைத்துத் தன் டேங்கில் ஊற்றினாள். மண் அடியில் தங்காமலிருக்க அடிக்கடி குலுக்கிக்கொண்டு இரண்டு வரிசை அடித்தாள். மூன்றாவது வரிசையில் அவன் குறுக்கே வந்து கையை நீட்டினான்.

“இது மண்ணுதானே? குடு.”

கொடுத்தாள். இப்போது அவளுக்குத்தான் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் அவசரமாக நடந்தான். ஒரு செடி வெளுத்தது. அடுத்த செடியில் பாதி பச்சையாகவே நின்றது. விட்டுப்போன இலைகளை அவள் சுட்டிக்காட்டவில்லை. அவன் முதுகில் ஒழுகிய வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தபடி, நாலடி பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.