பதினோரு எட்டு

கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் பதினோரு எட்டு. அதற்குள் ஒரு வாக்கியத்தை எப்படி மாற்றுவது என்பது சிட்டுவுக்குப் பிடிபடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நடிச்சது போதும், எழுந்து வேலையைப் பார்க்கச் சொல்லு உங்கம்மாவை" என்று அனுப்பியிருந்தார். அம்மா மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், தலைகூட வாரவில்லை.

ஒரு வருஷமாக இருவருக்கும் நேரில் பேச்சில்லை. எல்லாம் பதின்மூன்று வயது மகள் வழியாகத்தான். சிட்டு அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் வசவை உருவிவிட வேண்டும். பிறகு கட்டளையைக் கேள்வியாக்க வேண்டும். "கேட்டார்" என்று முடித்தால் பாதி விஷம் இறங்கிவிடும். ஆனால் இன்றைக்கு வசவை உருவினால் மிச்சம் ஒன்றுமில்லை. படுக்கையறை வாசலில் நின்று, புதிதாக ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களான்னு அப்பா கேட்டார்."

அம்மா திரும்பினாள். எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"நான் சாப்பிட்டேனான்னு கேட்டீங்களாமே."

"நானா? எப்போ?"

இருவரும் சிட்டுவைப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா இந்தப் புளுகு?" என்றார் அப்பா.

"அப்போ இத்தனை நாள் நீ சொன்னதெல்லாம் கட்டுக்கதையாடி?" என்றாள் அம்மா.

ஒரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம், மகள் பொய்க்காரி என்பது. சிட்டுவுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

"லிஃப்ட் நின்னுபோனா நடிக்குதுன்னா சொல்வீங்க? திறந்து பார்க்கறீங்கல்ல. அம்மாவுக்கு முடியலப்பா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் என்ன? 'அந்த மனுஷன் திரும்பி வராட்டியும் கவலையில்லைன்னு சொல்லு'ன்னீங்க. அதை நான் எப்படிம்மா எடுத்துட்டுப் போறது?"

"பெரியவங்க பேசறப்போ..." என்று அப்பா தொடங்கினார்.

"பெரியவங்க எங்க பேசறீங்க?"

அறிவியல் நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சிட்டு, உங்கம்மாகிட்ட கேளு, எப்பலேர்ந்து இப்படி இருக்குன்னு."

"அம்மா உங்க எதிர்லதான்ப்பா நிக்கறாங்க."

பக்கத்தைப் புரட்டினாள். இனி எதையும் அவள் எடுத்துப்போகப் போவதில்லை. கேட்க வேண்டியதை அவரவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.